யாழ்ப்பாணம்: ஒரு பை, ஒரு வாடகை சைக்கிள், நான்கு நாள்கள்!

பொழிச்சலூர்க்காரர்களுக்கு விமானம் என்பது வானத்தில் தெரியும் புள்ளி இல்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போகும் சமாச்சாரம். 'இருடா, ஃப்ளைட் போகுது' என்று போன் பேச்சைப் பாதியில் நிறுத்துவது இங்கே தினசரி வழக்கம். சென்னையிலிருந்து கிளம்புகிற அந்த விமானங்களில், இரண்டு பக்கமும் விசிறி சுழலும் சின்ன ஏ.டி.ஆர் ரகம் ஒன்று யாழ்ப்பாணத்துக்குப் போகிறது. பயண நேரம் சுமார் ஒன்றே கால் மணி. மாலை நேர டிராஃபிக்கில் பம்மல், பல்லாவரம் தாண்டி தி.நகர் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால், தோளில் பையை மாட்டிக்கொண்டு நான்கு நாள் எங்காவது சும்மா சுற்றிவிட்டு வரலாம் என்றால் நமக்குத் தோன்றுவது கோவா, வர்கலா, பாண்டிச்சேரி. கொஞ்சம் காசு சேர்ந்தால் தாய்லாந்து. யாழ்ப்பாணம் அந்த லிஸ்ட்டிலேயே வராது. அது நமக்குச் செய்தியில் வருகிற ஊர், மேடைப்பேச்சில் வருகிற ஊர். அங்கே ஒருவர் சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு ஐஸ்க்ரீம் சாப்பிடுவார் என்று யோசித்தே பார்த்திருக்க மாட்டோம்.

போய்ப் பாருங்கள். மலை இல்லாத, பனைமரம் நிறைந்த, மத்தியானம் ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற ஊர் அது. அவசரமே இல்லை. அந்த அவசரமின்மைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது இரண்டாவது நாள்தான் மெதுவாகப் புரியும்.

எப்படிப் போவது?

யாழ்ப்பாணத்துக்குப் போக முன்பெல்லாம் கொழும்பு சுற்றித்தான் போக வேண்டும். பலாலியில் இருக்கும் விமான நிலையம் 2019 அக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னை விமானம் தொடங்கியது. கொரோனாவில் நின்றது. 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. கடல்வழி வேண்டுமென்றால், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்ட்டில் மறுபடி வந்தது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கப்பலை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

ஒரு சின்ன தகவல். தாம்பரத்தில் ஏறி ராமேஸ்வரம் போகும் ரயிலை வீட்டில் பெரியவர்கள் இன்றும் 'போட் மெயில்' என்பார்கள். அந்த ரயில் ஒரு காலத்தில் தனுஷ்கோடிவரை போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிவிட்டது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியோடு அந்த வழியையும் கொண்டுபோனது. தாம்பரத்திலிருந்து இலங்கைக்குப் போவது புது விஷயமே இல்லை. நடுவில் பல வருடங்கள் மறந்திருந்தோம், அவ்வளவுதான்.

பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். இலங்கைக்கான 'இ.டி.ஏ' எனும் மின்னணு அனுமதியைக் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுவதால் இலங்கை அரசின் அதிகாரபூர்வ தளத்தில் மட்டும் பாருங்கள். அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் காசு பிடுங்கும் தளங்களும் இருக்கின்றன. கடிகாரத்தை மாற்ற வேண்டாம், அங்கேயும் நம் நேரம்தான். பணம் மட்டும் மாற்ற வேண்டும். நம் ஒரு ரூபாய்க்கு இலங்கை ரூபாய் சுமார் மூன்றரை. ஒரு சோடாவின் விலையைப் பார்த்து மலைக்காமல் மூன்றரையால் வகுத்துப் பாருங்கள்.

எப்போது போவது? அக்டோபர் முதல் டிசம்பர்வரை நமக்கு என்ன மழையோ அதே வடகிழக்கு மழைதான் அங்கும். ஜனவரி முதல் மார்ச்வரை சுகம். ஜூலை, ஆகஸ்ட்டில் வெயில் கொளுத்தும். ஆனால் அப்போதுதான் நல்லூர்த் திருவிழா, 25 நாள். உலகம் முழுக்கச் சிதறிக்கிடக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் ஊர் திரும்பும் சீசன். கூட்டம் பிடிக்கும் என்றால் அப்போது போங்கள். அறைக்கு ரொம்ப முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

முதல் நாள்: சைக்கிள் எடுங்கள்

பலாலியிலிருந்து டவுன் சுமார் 16 கிலோமீட்டர். வழியில் முள்கம்பி வேலிகளும் ராணுவ முகாம்களும் வரும். 1990-ல் அந்தப் பகுதி மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். நிலங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பக் கிடைக்கின்றன, இன்னும் முழுக்கக் கிடைக்கவில்லை. அந்த இடங்களில் போனை வெளியே நீட்டிப் படம் எடுக்காதீர்கள். ட்ரோன் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

தங்குவதற்கு நல்லூர் பக்கம் நல்லது. பெரிய ஹோட்டல்கள் டவுனில் இருக்கின்றன. பேக்பேக்கருக்குத் தோதானவை வீட்டோடு சேர்ந்த விருந்தினர் விடுதிகள்தான். ஃபேன் அறை, முற்றம், ஒரு கிணறு, காலையில் வீட்டம்மா செய்யும் இடியப்பமும் சொதியும். பெரும்பாலான இடங்களில் சைக்கிளும் வாடகைக்குத் தருவார்கள். அதை எடுத்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஃபேஷன் இல்லை. ஊர் தட்டையாக இருப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், 1990-களின் பொருளாதாரத் தடை. பெட்ரோல் கிடையாது, மின்சாரம் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த கரண்டில் ரேடியோ கேட்டார்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கை முழுக்க பெட்ரோல் க்யூவில் நின்றபோது, இந்த ஊருக்கு மட்டும் அது பழகிய பாடம். உங்களை மெதுவாக முந்திப்போகிற அந்த வெள்ளை வேட்டிப் பெரியவரின் சைக்கிளுக்கு இவ்வளவு கதை உண்டு.

காலை 6 முதல் 10 வரை, மாலை 4-க்கு மேல். இந்த இரண்டு நேரத்தில் மட்டும் மிதியுங்கள். நடுவில் தூங்குங்கள், ஊரே அதைத்தான் செய்கிறது.

நல்லூர் கந்தசுவாமி கோயிலுக்குப் போகும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். அர்ச்சனை டிக்கெட் ஒரு ரூபாய். இலங்கை ரூபாய்! போர்ச்சுகீசியர்கள் பழைய கோயிலை இடித்த பிறகு, 18-ம் நூற்றாண்டில் எழும்பியது இப்போதைய கோயில். நேரம் தவறாமை இந்தக் கோயிலின் அடையாளம். பூஜைக்கு முன்னதாகவே போய் நிற்பது நல்லது. ஆறுமுக நாவலர் பிறந்த ஊரும் இதுதான். தமிழ் நூல்களைச் சுத்தமாகப் பதிப்பித்த அந்த மனிதர் சென்னையிலும் அச்சுக்கூடம் நடத்தியவர். வெளியே வந்தால் ரியோ ஐஸ்க்ரீம். பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் கலர் கலராக அடுக்கித் தருவார்கள். சாமி கும்பிட்டுவிட்டு ஐஸ்க்ரீம் சாப்பிடுவது இங்கே கிட்டத்தட்ட சடங்கு.

காதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்

'ஒரே மொழிதானே, என்ன கஷ்டம்' என்று நினைத்துப் போனால் முதல் அரைமணி நேரம் திணறுவீர்கள். 'ஆமாம்' அங்கே 'ஓம்'. அழகு என்பது 'வடிவு'. சீக்கிரம் 'கெதியா', அப்புறம் 'பேந்து'. டீ 'தேத்தண்ணி', பிரெட் 'பாண்', நாற்காலி 'கதிரை', ஷூ 'சப்பாத்து'. கடைசி மூன்றும் போர்ச்சுகீசியர் விட்டுப்போனவை. ஆட்டோவை 'ஓட்டோ' என்றும் டிக்கெட்டை 'ரிக்கெற்' என்றும் எழுதியிருப்பார்கள். பேக்கரி போர்டில் 'வெதுப்பகம்' என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

முக்கியமான ஒன்று. 'உங்ககூடக் கொஞ்சம் பேசணும்' என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அங்கே 'பேசுவது' என்றால் திட்டுவது. 'கதைக்கலாமா' என்று கேளுங்கள். அதே மாதிரி 'பாஸ்', 'ப்ரோ' எல்லாம் மீனம்பாக்கத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள். ஓட்டோக்காரர் உங்களுக்கு 'அண்ணை', கடைக்கார அம்மா 'அக்கா', அவர்களுக்கு நீங்கள் 'தம்பி' அல்லது 'தங்கச்சி'. 'வாங்கோ, இருங்கோ' என்று உங்களை வரவேற்கும் மரியாதைக்கு நம் ஊர் 'வா, போ' பதில் ஆகாது.

நம்மைக் கண்டதும் அவர்கள் நம் தமிழில் பேசத் தொடங்கிவிடுவார்கள். நம் சினிமாவும் சீரியலும் பார்த்துப் பழகிய காது அது. நமக்கு அவர்கள் தமிழ் புரியாமல் இருப்பதும், அவர்களுக்கு நம்முடையது முழுக்கப் புரிவதும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

இரண்டாம் நாள்: நூலகம்

டவுனுக்குள் பார்க்க வேண்டியவை எல்லாம் அருகருகே இருக்கின்றன. மணிக்கூட்டுக் கோபுரம், பஜார், கோட்டை. போர்ச்சுகீசியர்கள் தொடங்கி, 1658-க்குப் பிறகு டச்சுக்காரர்கள் ஐந்துமுனை நட்சத்திர வடிவத்துக்கு மாற்றிய கோட்டை அது. உள்ளே போரில் இடிந்த கற்குவியல்கள் இன்னும் கிடக்கின்றன. மாலையில் மதில் மேல் ஏறினால் ஒரு பக்கம் கடலேரி, இன்னொரு பக்கம் வெள்ளை வெளேரென்று ஒரு கட்டடம்.

அதுதான் யாழ்ப்பாணப் பொது நூலகம். முன்னால் சரஸ்வதி உட்கார்ந்திருக்கிறார்.

இதை வடிவமைத்தவர் நம் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன். எப்படி அமைய வேண்டும் என்று ஆலோசனை சொன்னவர் எஸ்.ஆர்.ரங்கநாதன், மெட்ராஸ் பல்கலைக்கழக நூலகராக இருந்து இந்திய நூலகத்துறையையே உருவாக்கியவர். 1930-களில் ஒரு தனி மனிதரின் வீட்டில் தொடங்கிய சின்ன வாசகசாலை, ஊரார் காசு போட்டு வளர்த்து, 1959-ல் இந்தக் கட்டடமானது. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் போலீஸாரும் குண்டர்களும் அதற்குத் தீ வைத்தார்கள். சுமார் 97,000 புத்தகங்களும் ஓலைச்சுவடிகளும் போயின. வேறு பிரதி இல்லாதவையும் அவற்றில் இருந்தன. தூரத்தில் மாடியிலிருந்து அந்த நெருப்பைப் பார்த்த தாவீது அடிகள் என்ற பன்மொழி அறிஞர், அதிர்ச்சியில் அங்கேயே சரிந்து இறந்துபோனார். மீண்டும் கட்டி 2003-ல் திறந்தார்கள்.

இப்போது உள்ளே போனால் என்ன தெரியும்? பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள். பேப்பர் புரட்டும் ரிட்டையர்டு ஆசிரியர்கள். ஃபேன் சத்தம். அவ்வளவுதான். எரிந்ததற்கான தடயத்தைத் தேடி செல்ஃபி எடுக்க வருபவர்களுக்கு அங்கே எதுவும் இல்லை. வெளியூர்க்காரர்களை எல்லா நேரமும் விட மாட்டார்கள், வாசலில் கேட்டுவிட்டுப் போங்கள். படம் எடுக்காமல், ஒரு நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். இந்த நான்கு நாளில் நான் ஒன்றே ஒன்றைச் சிபாரிசு செய்ய வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

இதையொட்டி இன்னொன்று. 2009-ல் போர் முடிந்தது. உங்களுக்குச் சாப்பாடு பரிமாறும் அக்காவுக்கும், ஓட்டோ அண்ணைக்கும் அதில் ஒரு கணக்கு இருக்கும். 'சண்டை டைம்ல எங்க இருந்தீங்க, வீட்ல யாராவது...' என்று தொடங்கிவிடாதீர்கள். நமக்கு அக்கறையாகத் தோன்றுவது அவர்களுக்குப் பத்தாயிரமாவது முறை கேட்கிற கேள்வி. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றினால் சொல்வார்கள். அப்போது நடுவில் புகுந்து நமக்குத் தெரிந்த அரசியலைப் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

சாப்பாடு

இது தனிக் கட்டுரைக்கான விஷயம், சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் பாணும் சம்பலும், அல்லது புட்டு. மதியம் சைவம் வேண்டுமென்றால் பஜார் பக்கம் 'மலாயன் கபே', வாழை இலைச் சாப்பாடு. அசைவம் என்றால் நண்டுக்கறி, வறுத்து அரைத்த அவர்கள் ஊர் மிளகாய்த்தூள் நம் நாக்கையே ஒரு நிமிடம் யோசிக்க வைக்கும். இரவில் கொத்து ரொட்டித் தட்டல் தெருவெங்கும் கேட்கும். மாலையில் பால் இல்லாத தேத்தண்ணி, கூடவே ஒரு துண்டு பனங்கட்டி. அதைக் கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும், கலக்கக் கூடாது.

எங்காவது ஒடியல் கூழ் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் மீன், நண்டு, இறால், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் போட்டுக் காய்ச்சுவது. பனையோலையில் மடித்த 'பிளா'வில் ஊற்றிக் குடிப்பார்கள். ஹோட்டலைவிட வீடுகளில்தான் நன்றாக இருக்கும். தங்கியிருக்கும் வீட்டில் ஒருநாள் முன்னதாகச் சொன்னால் சில இடங்களில் செய்து தருவார்கள்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கிடைக்காத கள், அங்கே கூட்டுறவுச் சங்கம் நடத்தும் 'தவறணை'களில் சட்டப்படி கிடைக்கும். பௌர்ணமி நாள்களில் இலங்கை முழுக்க விடுமுறை. அன்று மதுவும் இறைச்சியும் விற்க மாட்டார்கள். நாள் பார்த்துக் கிளம்புங்கள்.

மூன்றாம் நாள்: தீவுகள்

டவுன் பஸ் நிலையத்திலிருந்து குறிகட்டுவானுக்கு பஸ். ஒரு மணி நேரப் பயணம். வேலணை, புங்குடுதீவு என்று தீவு தீவாகக் கடலுக்கு நடுவே போட்ட சாலையில் போகும். இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர், மீன்கூடுகள், ஒற்றைக்காலில் நிற்கும் பறவைகள். ஜன்னல் சீட் பிடியுங்கள்.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகு சுமார் கால் மணி நேரம். இறங்கும் இடத்திலேயே நாகபூசணி அம்மன் கோயில். கொஞ்ச தூரத்தில் நாகதீப விகாரை, புத்தர் வந்த இடம் என்று சிங்களப் பௌத்தர்கள் நம்புவது. ஒரே படகில் பட்டுப்புடவையும் வெள்ளுடையும் கலந்து வரும். மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இதுதான் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.

நேரமும் தெம்பும் இருந்தால் நெடுந்தீவு. படகில் ஒரு மணி நேரம், கடல் ஆட்டும். பவளப்பாறைக் கற்களை அடுக்கிய வேலிகள், ஐரோப்பியர் காலத்தில் வந்து காட்டில் திரியும் குதிரைகள், ஒரு பெரிய பெருக்கு மரம், இடிந்த கோட்டை. நிழல் குறைவு. தண்ணீர் பாட்டில் இரண்டு எடுத்துப் போங்கள். இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பும் கடைசிப் படகு எப்போது என்று கேட்டு வையுங்கள். படகுகள் குறைவு, விட்டால் அன்றிரவு தீவில்தான். நயினாதீவு, நெடுந்தீவு இரண்டையும் ஒரே நாளில் அடக்கப் பார்க்காதீர்கள். அது பேக்பேக்கிங் இல்லை, அட்டெண்டன்ஸ்.

நான்காம் நாள்: வடக்குக் கரை

கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊற்று. ஆண்கள் குளிக்கும் கேணிக்குச் சுவரை ஒட்டிக் கடல் அலை அடிக்கும், இங்கே உப்பே இல்லாத தண்ணீர். பெண்களுக்கு மறைப்போடு தனிக் கேணி. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு என்று ஒன்று கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் தேங்கும் மழைநீர்தான் எல்லாமே. அதனால்தான் வீட்டுக்கு வீடு கிணறு. லாரித் தண்ணீருக்கு போன் போட்டுக் காத்திருக்கும் நம் புறநகர்வாசிகள், அந்த ஊர் மக்கள் கிணற்றைப் பார்த்துக்கொள்ளும் விதத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

அங்கிருந்து கிழக்கே கரையோரமாகவே போனால் பருத்தித்துறை. கலங்கரை விளக்கம், காய்ந்து மொறுமொறுவென்ற பருத்தித்துறை வடை, வரிசையாக ஏற்றிவைத்த சின்னச் சின்னப் படகுகள். எதிர்க்கரையில் நம் கோடியக்கரை.

இங்கே வலை பின்னிக்கொண்டிருப்பவர் உங்களை எந்த ஊர் என்று கேட்பார். தமிழ்நாடு என்றதும் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் வரலாம். சென்னையில் நாம் படிப்பது 'தமிழக மீனவர்கள் கைது, படகுகள் பறிமுதல்' என்ற செய்தியை. குறுகலான கடல், பிழைப்பு, சிறை என்று அந்தப் பக்கத்து வலி உண்மையானது. ஆனால், இந்தக் கரையில் நிற்பவரும் தமிழ் மீனவர். போர்க்காலத்தில் பல வருடம் கடலுக்கே விடப்படாமல் இருந்தவர். இப்போது நம் பக்கத்து இழுவைமடிப் படகுகள் வந்தால் இரவு போட்ட வலை காலையில் கிழிந்து கிடக்கிறது என்பது அவர் வழக்கு. கடலடியையே வாரிக்கொண்டு போகும் இழுவைமடியை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடை செய்தது.

போரைப் பற்றிக் கேட்காதீர்கள் என்றேன். இதைக் கேளுங்கள். 'கடல் எப்படி இருக்கு அண்ணை, மீன் படுதா?' என்று ஆரம்பித்தால் போதும், மிச்சத்தை அவரே சொல்வார். பதில் சொல்ல வேண்டும் என்று அவசியமில்லை. நம் டிவி விவாதம் எதிலும் இந்தக் குரல் வந்து நான் கேட்டதில்லை. ஒன்றே கால் மணி நேரம் பறந்து போனதற்கு இது ஒன்று போதும்.

கிளம்பும் முன்

திரும்புகிற அன்று காலை பஜாருக்குப் போங்கள். பனங்கட்டி, நெல்லிரசம், கறித்தூள், பனையோலைக் கூடைகள். ஏ.டி.ஆர் விமானத்தில் பை எடைக்குக் கறார் காட்டுவார்கள், டிக்கெட்டில் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழ சீசனில் போயிருந்தால், மூட்டை கட்டாமல் அங்கேயே தின்று தீர்த்துவிடுங்கள். பழங்களை நாடு விட்டு நாடு எடுத்து வருவதில் கட்டுப்பாடுகள் உண்டு.

புளுக்கொடியல் மட்டும் ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்குங்கள். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, கெடாது. சென்னைப் புறநகர்களில், 1980-களிலும் 90-களிலும் படகேறி வந்து, வாடகை வீடுகளில் வயதாகிப்போன யாழ்ப்பாணத்துக்காரர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குச் சரியான காகிதங்கள் இல்லை, நம்மைப்போல டிக்கெட் போட்டுப் போய்வர முடியாது. உங்கள் தெருவிலும் ஒரு வீடு இருக்கலாம். கொண்டுபோய்க் கொடுங்கள். எந்தக் கடையில் வாங்கினீர்கள், அந்தச் சந்தி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். போட்டோக்களைக் காட்ட போனில் சார்ஜ் இருக்கட்டும்.